முதல் நொடியில் பளிச், அடுத்த நொடியில் சோகம்: ரா படக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. லைட்ரூம் போன்ற பழகிய படத்திருத்த மென்பொருளை விட்டுவிட்டு, ரா படங்களை (சென்சார் அளந்ததைக் கேமரா சமைக்காமல் அப்படியே சேமித்த கோப்புகள்) திருத்தும் டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்களில் புதிதாகக் கால் வைத்தவர்கள்தான் அதிகம். எல்லோர் குரலிலும் ஒரே எரிச்சல். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கி, பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், டார்க்டேபிளில் ரா படத்தைத் திறந்தால் முதல் நொடியில் பளிச்சென்று இருக்கிறது. அடுத்த நொடியே வெளிறிப்போய்ச் சோகமாகிவிடுகிறது. கேமராத் திரையில் நான் பார்த்த படம் எங்கே போயிற்று? மென்பொருள் என் படத்தைக் கெடுக்கிறதா?

பதில்: கெடுக்கவில்லை. முதல் நொடியில் நீங்கள் பார்த்தது ரா படமே இல்லை. கேமரா தானே சமைத்த ஒரு ஜேபெக் படத்தையும் ரா கோப்புக்குள் சொருகி வைக்கிறது. கேமராவின் பின்பக்கத் திரையில் தெரிவது அதுதான், மென்பொருள் அவசரத்துக்கு முதலில் எடுத்துக் காட்டுவதும் அதுதான். உண்மையான தரவைப் பிரித்து முடித்ததும் அதை எடுத்துவிட்டு இதை வைக்கிறது. அந்த இடத்தில்தான் உங்களுக்குத் திக்கென்கிறது.

உண்மையான தரவு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் கோபம் பாதி தணிந்துவிடும். சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில்: பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மிச்ச இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். (ஃபியூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் புள்ளிகளின் அடுக்கு வேறு, தலைவலி அதேதான்.) இதைவிடப் பெரிய சங்கதி, சென்சார் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. 14 பிட் கோப்பில் மொத்தம் 16,384 படிகள் என்றால், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மட்டும் 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும், அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கும் அடுத்ததற்கு 2,048, இப்படியே பாதி பாதியாகக் குறைந்து நிழல்களுக்கு வரும்போது கைப்பிடி அளவுதான் மிஞ்சும். நம் கண் வெளிச்சத்தை அப்படிப் பார்ப்பதில்லை. ஆகவே யாராவது ஒருவர் அந்தத் தரவை நம் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வளைக்க வேண்டும்.

ஜேபெக் எடுக்கும்போது கேமரா வளைக்கிறது, கூடவே நிறத்தைக் கூட்டி, கூர்மை ஏற்றி, நாய்ஸையும் (படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள்) துடைத்துவிடுகிறது. லைட்ரூமும் படத்தைத் திறக்கும்போதே ஒரு வளைவைப் போட்டுவிடுகிறது, உங்களிடம் சொல்வதில்லை. டார்க்டேபிள் அந்த வேலையில் மிகக் குறைந்த அளவை மட்டும் செய்துவிட்டு மிச்சத்தை உங்கள் கையில் கொடுத்துவிடும். பழையது கேட்காமல் செய்ததைப் புதியது உங்களைக் கேட்டுச் செய்கிறது. கீழே வரப்போகும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் வேர்.

அப்புறம் ஒன்று. படம் வெளிறியதோடு மட்டுமல்லாமல் இருட்டாகவும் இருந்தால் கேமரா மெனுவைப் பாருங்கள். கேனானில் ஹைலைட் டோன் பிரயாரிட்டி, நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் போன்றவை போட்டிருந்தால், கேமரா கொஞ்சம் குறைந்த வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு ஜேபெக்கில் மட்டும் நிழலைத் தூக்கிக் காட்டக்கூடும். வேறு மென்பொருளில் ராவைத் திறந்தால் தூக்கல் இராது, இருட்டு மட்டும் இருக்கும். ரா எடுப்பவர்கள் இவற்றை அணைத்து வைப்பது நல்லது.

கேள்வி: டார்க்டேபிளில் வலது பக்கம் முழுக்க மாட்யூல்கள் (திருத்தும் கருவிகள்). ஒரே வேலைக்கு நான்கு மாட்யூல்கள் இருக்கின்றன. எதைக் கற்பது, எதை விடுவது? ஒரு வாரமாகத் தினம் ஒரு மாட்யூலாக வரிசைப்படி படித்து வருகிறேன், படம் மட்டும் நன்றாக வரவே இல்லை.

பதில்: அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்து யாரும் பேசக் கற்றுக்கொண்டதில்லை. அந்த வரிசையை உடனே நிறுத்துங்கள்.

ஒரே வேலைக்கு நான்கு மாட்யூல்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2009இல் ஆரம்பித்த மென்பொருள் இது. ஒரு மாட்யூலை வைத்து நீங்கள் திருத்திய படம் பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய மாட்யூல்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் புதிதாக வருபவருக்குப் பழைய வீட்டின் பரண் மாதிரி தெரிகிறது.

இப்போதைக்கு உங்களுக்குத் தேவையானவை இவ்வளவுதான். எக்ஸ்போஷர். டோனை (வெளிச்சம், இருட்டு அளவுகளை) வளைக்க ஃபில்மிக் ஆர்ஜிபி அல்லது சிக்மாய்ட், இரண்டில் ஒன்று மட்டும், இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. ஒயிட் பேலன்ஸுக்குக் (வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கு) கலர் கேலிபரேஷன். நிறச் செறிவுக்குக் கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி. வெட்டுவதற்குக் கிராப், லென்ஸ் குறையைச் சரிசெய்ய லென்ஸ் கரெக்‌ஷன், நாய்ஸ் இருந்தால் டீநாய்ஸ் (புரொஃபைல்ட்). இதை வைத்தே பெரும்பாலான படங்களை முடித்துவிடலாம். வேறு எதையாவது தேடவேண்டி வந்தால் மாட்யூல்களுக்கு மேலே தேடல் பெட்டி இருக்கிறது, அதில் பெயரைத் தட்டுங்கள், பட்டியலில் மேலும் கீழும் அலைய வேண்டாம்.

பயிற்சிக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். கேமராவை ரா + ஜேபெக் என்று வைத்து எடுங்கள். சுமாரான வெளிச்சத்தில் எடுத்த, முகமும் வானமும் நிழலும் உள்ள ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். கேமரா தந்த ஜேபெக்கை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, ராவை அதே மாதிரி கொண்டுவரப் பாருங்கள். அழகாக்க வேண்டாம், அதே மாதிரி வந்தால் போதும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், கடுப்பாக இருக்கும், நிறம் மட்டும் ஏதோ ஒரு மூலையில் ஒத்தே வராது. மூன்றாவது நான்காவது படத்தில் எந்த ஸ்லைடர் எதைத் தொடுகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். இலக்கு இல்லாமல் ஸ்லைடரை ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் கற்றுக்கொள்ளும்போது நேரத்தை அதிகம் வீணாக்குகிறது என்பது என் அனுபவம். ‘நன்றாக’ என்பது ஓர் இலக்கு இல்லை, ‘இந்த ஜேபெக் மாதிரி’ என்பது இலக்கு.

கேள்வி: லைட்ரூமில் ஹைலைட்ஸ், ஷேடோஸ் என்று இரண்டு ஸ்லைடர் இருந்தன, நிம்மதியாக இருந்தேன். இங்கே எக்ஸ்போஷரை ஏற்றினால் வானம் வெளுத்துவிடுமோ என்று பயந்து பயந்து கால் ஸ்டாப் ஏற்றுகிறேன். படம் இருட்டாகவே இருக்கிறது.

பதில்: பயப்படாமல் ஏற்றுங்கள். லைட்ரூம் பழக்கத்தில் வருபவர்கள் எல்லோரும் இடறும் கல் இது, நானும் இடறினேன்.

டார்க்டேபிளின் புதிய முறையில் எக்ஸ்போஷர் மாட்யூலின் வேலை வானத்தைக் காப்பாற்றுவது இல்லை. படத்தில் முக்கியமானது எதுவோ, அது முகமாக இருந்தால் முகம், அது சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை ஏற்றுவதுதான் அதன் வேலை. அப்போது வானம் திரையின் எல்லையைத் தாண்டிப் போகும், போகட்டும். உள்ளே கணக்கில் அந்த மதிப்புகள் அப்படியே இருக்கின்றன, வெட்டப்படவில்லை. பின்னால் வரும் ஃபில்மிக்கோ சிக்மாய்டோ அந்தப் பெரிய எண்களை அமுக்கித் திரைக்குள் கொண்டுவரும். முதலில் நடுப்பகுதி, பிறகு இரண்டு ஓரங்கள், இந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படமெடுக்கும்போதே சென்சாரில் நிரம்பி வழிந்துபோன வெளிச்சம் வேறு கதை. அது எந்த மென்பொருளிலும் முழுசாகத் திரும்பாது. அப்படி நிரம்பிய இடம் எது என்று காட்டும் பொத்தான் டார்க்‌ரூம் பக்கத்தில் படத்துக்குக் கீழேயே இருக்கிறது, திருத்த ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஷேடோஸ் ஸ்லைடருக்கு ஈடு டோன் ஈக்வலைசர். அதைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தின் மேலேயே சுட்டியைக் கொண்டுபோய் மவுஸ் சக்கரத்தை உருட்டினால், அந்த அளவு வெளிச்சமுள்ள பகுதிகள் மட்டும் ஏறும், இறங்கும். இந்த ஒன்று பழகிவிட்டால் பழைய இரண்டு ஸ்லைடர்களை நீங்கள் தேடமாட்டீர்கள். ஒரே ஒரு தொந்தரவு, அதன் மாஸ்க் (எந்தப் பகுதியில் திருத்தம் விழ வேண்டும் என்று பிரிப்பது) பக்கத்தைக் கொஞ்சம் சரிசெய்யாமல் விட்டால் படம் தட்டையாகிவிடும், அதையும் பாருங்கள்.

கேள்வி: நான் தொடாத ஸ்லைடர்கள் எல்லாம் தானாக மாறியிருக்கின்றன. மென்பொருளில் ஏதாவது வைரஸா?

பதில்: உங்கள் மவுஸ் சக்கரம்தான். மாட்யூல் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தச் சக்கரத்தை உருட்டுகிறீர்கள், சுட்டி ஏதோ ஒரு ஸ்லைடர் மேல் நிற்கிறது, அது நகர்ந்துவிடுகிறது. அமைப்புகளில் போய், சக்கரம் பக்கப் பட்டியலைத்தான் நகர்த்த வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கெட்டுப்போன ஸ்லைடரை இரட்டைச் சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இடது பக்கத்தில் நீங்கள் செய்த எல்லா மாற்றங்களும் வரிசையாக இருக்கும், எந்தப் படிக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம்.

கேள்வி: கலர் டெம்பரேச்சரில் எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும் என்று படித்தேன். மென்பொருளில் 8000க்கு ஏற்றினால் படம் மஞ்சளாகிறது. யார் சொல்வது தப்பு? இன்னொன்று, ஒயிட் பேலன்ஸ் மாட்யூலைத் தொட்டதும் கலர் கேலிபரேஷனில் எச்சரிக்கை வருகிறது.

பதில்: இரண்டு பேரும் சரி. டங்ஸ்டன் விளக்கு சுமார் 3000 கெல்வின், மஞ்சள். பகல் வெளிச்சம் 5500 பக்கம். நிழலும் மேகமும் அதற்கு மேலே, நீலம். ஆனால் ஸ்லைடரில் நீங்கள் எழுதுவது ‘படத்தை இந்த நிறமாக்கு’ என்பதை இல்லை, ‘எடுத்த இடத்தில் வெளிச்சம் இப்படி இருந்தது’ என்பதை. 8000 என்றால், அங்கே வெளிச்சம் ரொம்ப நீலமாக இருந்ததாம் என்று எடுத்துக்கொண்டு, அதை ஈடுகட்ட மென்பொருள் மஞ்சளைச் சேர்க்கிறது.

எச்சரிக்கை விஷயம்: புதிய முறையில் ஒயிட் பேலன்ஸ் மாட்யூலைத் தொடக்கூடாது. அது உள்வேலைக்காகக் கேமராவின் அடிப்படை மதிப்பில் நிற்க வேண்டும். உண்மையான திருத்தத்தைக் கலர் கேலிபரேஷன் செய்கிறது. இரண்டிலும் கைவைத்தால் ஒரே திருத்தம் இரண்டு தடவை விழுந்து முகங்கள் எல்லாம் விநோத நிறமாகும். முதலாவதை ரீசெட் செய்துவிட்டு, இரண்டாவதில் நிறத்தைத் தொட்டு எடுக்கும் பிக்கரை எடுத்துப் படத்தில் சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: ராதெரபியில் ஷார்ப்பனிங்கை எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் மாறுவதில்லை.

பதில்: படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சில கருவிகளின் பலன் அந்த அளவில் மட்டும்தான் தெரியும், அவற்றின் பெயருக்குப் பக்கத்தில் 1:1 என்று ஒரு சின்னக் குறி இருக்கும். இதைத் தெரியாமல் ஸ்லைடரை முழுசாக ஏற்றிவைத்து, வெளியே எடுத்த பிறகு முகம் எல்லாம் சொறிசொறியாக வந்து நிற்பவர்கள் நிறைய. பொதுவாகவே நாய்ஸையும் கூர்மையையும் சின்னதாக்கிய படத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், எந்த மென்பொருளாக இருந்தாலும்.

ராதெரபியில் இன்னொரு வசதி, முதல் கேள்வி கேட்டவருக்கும் இது உதவும். கோப்புக்குள் இருக்கும் அந்த ஜேபெக்கைப் பார்த்து, அதற்கு ஒத்த டோன் வளைவைத் தானே போட்டுக்கொள்ளும் ஆட்டோ மேட்ச்டு என்ற ஏற்பாடு அதில் இருக்கிறது. அதனால்தான் அதில் படம் திறந்ததும் அவ்வளவு சோகமாக இருப்பதில்லை.

கேள்வி: பழைய மென்பொருளில் ஐந்து வருடமாகத் திருத்திய படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதியதில் திறந்தால் அந்தத் திருத்தங்கள் வருமா?

பதில்: வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர மதிப்பு, குறிச்சொல் போன்றவை வரும். லைட்ரூம் எழுதிய எக்ஸ்எம்பி கோப்பு (திருத்தங்களைக் குறித்து வைக்கும் சின்னக் கோப்பு) இருந்தால் கிராப் மாதிரி சில அடிப்படைத் திருத்தங்களை டார்க்டேபிள் ஓரளவு படிக்கப் பார்க்கும், அதற்கு மேல் இல்லை. ஒரு மென்பொருளின் ‘ஷேடோஸ் 40’ என்பதற்கு இன்னொன்றில் அர்த்தமே கிடையாது, உள்ளே கணக்கு வேறு. முடிந்துபோன முக்கியமான படங்களைப் பழையதிலிருந்தே 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள், சந்தா முடியும் முன்பே. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு இனி எடுக்கும் படங்களைப் புதியதில் தொடங்குங்கள். ஐந்து வருடத்தையும் உட்கார்ந்து மறுபடி திருத்தப் போகிறேன் என்று கிளம்பியவர்கள் யாரும் முடித்து நான் பார்க்கவில்லை.

கோப்புப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லைட்ரூம் எக்ஸ்எம்பியில் ராவின் பின்னொட்டு இருக்காது, டார்க்டேபிளின் எக்ஸ்எம்பியில் ராவின் முழுப்பெயரும் பின்னொட்டோடு இருக்கும். ஆகவே இரண்டும் ஒரே கோப்புறையில் சண்டையில்லாமல் இருக்கும்.

கேள்வி: கோப்புறைகளை ஒழுங்குபடுத்தினேன். திரும்பத் திறந்தால் படங்களுக்குப் பதில் மண்டையோடு தெரிகிறது! எல்லாம் அழிந்துவிட்டதா?

பதில்: அந்த மண்டையோட்டைப் பார்த்து நானும் ஒரு ராத்திரி வியர்த்திருக்கிறேன். அழியவில்லை. நீங்கள் கோப்புறையை வெளியே நகர்த்தினீர்கள், மென்பொருளின் தரவுத்தளம் இன்னும் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. கலெக்‌ஷன்ஸ் பட்டியலில் அந்தக் கோப்புறை மேல் வலது சொடுக்கு செய்து, புதிய இடத்தைக் காட்டிவிடுங்கள். இனிமேல் நகர்த்துவதாக இருந்தால் மென்பொருளுக்குள் இருந்தே நகர்த்துங்கள். நான் செய்த முட்டாள்தனம் இன்னும் ஒரு படி மேலே, ராக்களை மட்டும் நகர்த்திவிட்டு எக்ஸ்எம்பிகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன், பிறகு வெறும் கோப்புறை என்று நினைத்து அதை அழித்தும்விட்டேன்.

கேள்வி: கணினியில் அருமையாக இருக்கும் படம் போனில் இருட்டாகவும், வேறு ஒருவர் திரையில் நிறம் செத்தும் தெரிகிறது.

பதில்: இரண்டும் தனித்தனி வியாதி. இருட்டுக்குக் காரணம் உங்கள் திரை. பிரகாசத்தை முழுசாக வைத்து வேலை செய்தால் படம் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றும், நீங்கள் இருட்டாகவே நிறுத்திவிடுவீர்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை என்பதுதான் படவேலைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, பல திரைகள் பெட்டியிலிருந்து வரும்போது இதைவிட அதிகம். அளக்கும் கருவி இல்லாவிட்டால், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைவிட விளக்குப் போல எரியாதபடி குறையுங்கள். நிறம் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தை வெளியே எடுக்கும்போது நிற அமைப்பாக அடோபி ஆர்ஜிபியோ புரோஃபோட்டோவோ தேர்ந்தெடுத்திருப்பது. திரையில் பார்க்கப்போகும் படத்துக்கு எஸ்ஆர்ஜிபி.

கேள்வி: வீடியோவில் ஒருவர் பேஸ் கர்வ் போடு என்கிறார், இன்னொருவர் அதைத் தொடவே கூடாது என்கிறார்.

பதில்: வீடியோவின் தேதியைப் பாருங்கள். பேஸ் கர்வ் என்பது டோனை வளைக்கும் பழைய மாட்யூல். ஃபில்மிக் ஆர்ஜிபி 2019 டிசம்பரில் 3.0 பதிப்போடு வந்தது, சிக்மாய்ட் 2022 டிசம்பரில் 4.2 பதிப்போடு. அதற்கு முந்தைய பாடங்கள் தப்பில்லை, ஆனால் பழைய முறை. இரண்டு முறைகளிலிருந்தும் பாதிப்பாதி எடுத்துக் கலக்கும்போதுதான் படம் குழம்புகிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை புதிய பதிப்பு வருகிறது, ஏற்றும் முன் தரவுத்தளத்துக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். புதிய பதிப்பு மாற்றிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு திறக்காது.

கேள்வி: டார்க்டேபிளா, ராதெரபியா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: முகத்தை மட்டும், வானத்தை மட்டும் என்று பகுதி பகுதியாகத் திருத்துபவர் என்றால் டார்க்டேபிள், மாஸ்க் விஷயத்தில் அது தாராளம். படம் முழுவதையும் ஒரே சீராகத் திருத்தி, நுணுக்க விவரத்தைக் கொண்டுவந்தால் போதும் என்றால் ராதெரபி. ஒரே வார்த்தையில் முடியவில்லை, மன்னியுங்கள். இரண்டும் இலவசம், ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் கற்காதீர்கள்.

கேள்வி: புதுக் கேமரா வாங்கினேன், ரா திறக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: மென்பொருளின் கடைசிப் பதிப்பைப் போடுங்கள். அதிலும் இல்லையென்றால் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் (ராவை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) மாற்றித் திறந்து பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். மூல ராவை மட்டும் அழிக்காதீர்கள்.

கேள்வி: ராவையும் வைத்து, கூடவே இந்தச் சின்னச் சின்ன எக்ஸ்எம்பி கோப்புகளையும் வைத்து வட்டு நிரம்பி வழிகிறது. ஜேபெக் எடுத்த பிறகு எதை அழிக்கலாம்?

பதில்: மங்கிய படம், கண் மூடிய படம், ஒரே காட்சியில் எடுத்த பன்னிரண்டாவது படம், இவற்றின் ராவை அழியுங்கள், தாராளமாக. எக்ஸ்எம்பியைத் தொடாதீர்கள், ஒன்று சில கிலோபைட்தான், உங்கள் உழைப்பு முழுக்க அதில்தான் எழுதியிருக்கிறது. ஜேபெக்கைக்கூட அழிக்கலாம், ராவும் எக்ஸ்எம்பியும் இருந்தால் அரை நிமிடத்தில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.